‘எங்க பையனுக்கு ஹார்வர்டு கிடைக்குமா?’: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகன் சி.பி.எஸ்.இ. பிளஸ் ஒன். பத்தாம் வகுப்பில் 98 சதவீதம். எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு, மொத்தம் 1600) மாதிரித் தேர்வுகளில் 1540 வருகிறது. ஜே.இ.இ. கோச்சிங்கும் போகிறான். ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம்? எத்தனை சதவீதம் என்று சொன்னால் நல்லது.
(ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

சதவீதம் கேட்டிருக்கிறீர்கள், எண்களிலிருந்தே தொடங்குவோம். 2024-ல் சேர வேண்டிய அணிக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை அல்ல, மாசசூசெட்ஸ்) 28,232 பேரில் 1,284 பேர் தேறினார்கள். இது அமெரிக்க மாணவர்களையும் சேர்த்த கணக்கு. வெளிநாட்டு மாணவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் எம்.ஐ.டி.யில் அது 2 சதவீதத்தை ஒட்டித்தான் வரும்.

ஆனால் அந்த 2 சதவீதம் உங்கள் மகனுடைய வாய்ப்பு ஆகாது. அது ஒரு கூட்டத்தின் சராசரி. அந்தக் கூட்டத்தில் பலருக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். சர்வதேச ஒலிம்பியாட் பதக்கத்தோடு வரும் சிலருக்கு மிக அதிகம். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை 98-உம் 1540-உம் சொல்லாது. ஆசியர்களிடம் பாரபட்சம் காட்டுவதாக ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் நீதிமன்ற ஆவணங்களில் வந்த எண்களைப் பாருங்கள். 2015-ல் சேர வேண்டிய அணிக்கு, எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கிய விண்ணப்பதாரர்கள் மட்டும் சுமார் 3,400 பேர். பள்ளி மதிப்பெண் அப்பழுக்கில்லாமல் இருந்தவர்கள் 8,000-க்கும் மேல். இருந்த இடமோ 1,600 சொச்சம். நம் பக்கம் வந்தால், 2024 சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 95-க்கு மேல் எடுத்தவர்களே 47,000 பேருக்கும் அதிகம். மதிப்பெண், வரிசையில் நிற்க இடம் வாங்கித் தரும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

அதே வழக்கில் விண்ணப்பக் கோப்பை எப்படிப் படிக்கிறார்கள் என்பதும் வெளியே வந்தது. படிப்பு, பள்ளிக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள், 1-தான் உச்சம். உங்கள் பகுதியைக் கவனிக்கும் அலுவலர் முதலில் படிப்பார், பிறகு குழுவில் வைத்துப் பேசி வாக்கெடுப்பார்கள். அப்படிப் பேசும்போது உங்கள் மகனை நியூயார்க் மாணவனோடு ஒப்பிடுவதற்கு முன்னால், அவன் பள்ளியோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பள்ளியில் என்னவெல்லாம் கிடைத்தது, கிடைத்ததில் இவன் எதை எடுத்தான், கிடைக்காததைத் தேடிப் போனானா என்பதுதான் அங்கே கேள்வி.

இங்கேதான் ஜே.இ.இ. இடிக்கிறது. தினம் ஐந்து மணி நேரம் கோச்சிங்கில் போனால், கோப்பில் அந்த நேரத்துக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. ஜே.இ.இ. ரேங்க் உதவாதா என்றால், முதல் மெயின் தேர்வே ஜனவரியில்தான். அட்வான்ஸ்டு அதற்குப் பல மாதம் கழித்து. ஹார்வர்டு விண்ணப்பம் ஜனவரி 1-ஆம் தேதி மூடிவிடும். கணித ஒலிம்பியாடுக்கும் இதே சிக்கல் உண்டு. ஐ.ஓ.க்யூ.எம். (முதல் தேர்வு), ஆர்.எம்.ஓ. (மண்டலம்), ஐ.என்.எம்.ஓ. (தேசியம்) என்று படி ஏறி, ஜனவரியில் நடக்கும் ஐ.என்.எம்.ஓ.வைத் தொட வேண்டும் என்றால் அதைப் பிளஸ் ஒன்னிலேயே தொட்டாக வேண்டும். பிளஸ் டூ ஜனவரியில் எழுதினால் முடிவு வருமுன் விண்ணப்பம் போய்விட்டிருக்கும். இன்னொன்று: மகன் பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டு முழுநேரமும் கோச்சிங்கில் உட்காரும் ‘டம்மி ஸ்கூல்’ ஏற்பாட்டில் இருந்தால், அமெரிக்கக் கனவை அங்கேயே மடித்து வைத்துவிடலாம். அவனைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர்கூட அந்தப் பள்ளியில் இருக்க மாட்டார். பரிந்துரைக் கடிதம் யார் எழுதுவது?

எஸ்.ஏ.டி.யை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, கால்டெக், பிரவுன், டார்ட்மத், கார்னெல், பென் எல்லாம் எஸ்.ஏ.டி. அல்லது அதற்கு இணையான ஏ.சி.டி. தேர்வு கட்டாயம் என்று திரும்பிவிட்டன. யேல் அதற்குப் பதில் ஏ.பி. அல்லது ஐ.பி. பாடத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் ஏற்கும். கொலம்பியாவில் அனுப்புவது மாணவரின் விருப்பம். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. 1540-ஐ 1570 ஆக்க மூன்றாவது முறை எழுதுவது நேர விரயம். எம்.ஐ.டி.க்கு மட்டும், கணிதப் பகுதி 780-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை எழுதலாம்.

ஒவ்வொரு இடத்திலும் 4 சதவீதம் என்றால், பத்து இடத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க 33 சதவீதம் வாய்ப்பு இருக்கிறதே! இருபதுக்குப் போடலாமா?
(மதுரை)

கணக்கு சரி, பயன்படுத்திய இடம் தப்பு. 0.96-ஐப் பத்து முறை பெருக்கி 1-லிருந்து கழிப்பது குலுக்கல் சீட்டுக்குப் பொருந்தும். இங்கே பத்து இடத்திலும் போவது ஒரே கட்டுரை, ஒரே பரிந்துரைக் கடிதம், ஒரே பட்டியல். முதல் இடத்தில் எது சப்பென்று இருந்ததோ அது பத்தாவது இடத்திலும் சப்பென்றுதான் இருக்கும். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் 20 கல்லூரி வரை சேர்க்கவிடுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் தனியாக இரண்டு முதல் ஐந்து குறுங்கட்டுரை கேட்கும். ஹார்வர்டு மட்டும் 150 சொல்லில் ஐந்து. இருபது இடம் என்றால் ஐம்பது அறுபது கட்டுரை. பன்னிரண்டாவது கட்டுரையில் கல்லூரிப் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது வருடம் தவறாமல் நடக்கிறது. எட்டிலிருந்து பத்து போதும். அதில் மூன்று, கிடைத்தால் மனதார சேரக்கூடிய, கட்டணம் கட்ட முடிந்த, நிச்சயம் கிடைக்கும் இடமாக இருக்கட்டும்.

நான் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். பள்ளி முடிந்ததும் தறிக்குப் போய்விடுவதால் போட்டி, கிளப், என்.ஜி.ஓ. என்று எதுவும் செய்ததில்லை. எங்கள் பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலரும் கிடையாது. நான் முயற்சி செய்வதில் அர்த்தம் உண்டா?
(ஒரு மாணவர், ஈரோடு மாவட்டம்)

உண்டு தம்பி. ‘எதுவும் செய்ததில்லை’ என்று நீங்கள் எழுதியதுதான் இந்தக் கடிதத்தில் தப்பான ஒரே வரி.

காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகள் எழுத இடம் உண்டு. வகைகளின் பட்டியலில் ‘குடும்பப் பொறுப்புகள்’, ‘சம்பள வேலை’ இரண்டும் தனித்தனி வகையாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விவரிக்க 150 எழுத்துதான், அதாவது ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதோடு வாரம் எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று எண் போட வேண்டும். ‘அப்பாவின் தொழிலில் உதவி செய்கிறேன், பல திறன்களைக் கற்றேன்’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘8 தறிக்குக் கூலிக் கணக்கு, சனிக்கிழமை 5 பேருக்குச் சம்பளம், நூல் ரசீதுகளைக் கைப்பேசியில் ஏற்றி, எடைக் குறைவைப் பிடித்தேன்.’ வாரம் 14 மணி, ஆண்டுக்கு 48 வாரம். எண்கள் உங்களுடையவையாக, உண்மையானவையாக இருக்கட்டும். இரவு ஊடை நூல் அறுந்தால் யார் எழுந்து போவது, மின்வெட்டு நாளில் கணக்கு எப்படி மாறும் என்பதெல்லாம் 650 சொல் கட்டுரைக்கான சரக்கு. எங்களைக் கேட்டால், காசு கட்டிச் சேரும் கோடைக்கால முகாம் சான்றிதழ்கள் மூன்றைவிட இது கனமானது.

உங்களுக்கு உண்மையான தடை பள்ளியின் காகித வேலையில்தான் வரும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகள் 9 முதல் 12 வரை நான்கு வருட மதிப்பெண்ணும் கேட்கும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு பல வீடுகளில் காணாமல் போயிருக்கும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். பிளஸ் ஒன்னுக்கு 2017-18 முதல் பொதுத்தேர்வு இருந்தது; 2025-26 முதல் ரத்து. ஆகவே அரசு மதிப்பெண் சான்றிதழ் இருக்காது, பள்ளி தரும் மதிப்பெண்தான் ஆதாரம். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பள்ளிகளில், பிளஸ் ஒன் தேர்வுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் பொருட்படுத்துங்கள். விண்ணப்பம் போகும் டிசம்பரில் உங்கள் கையில் இருக்கப்போகும் கடைசி முழு ஆண்டு மதிப்பெண் அதுதான். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு மதிப்பெண்களைப் பள்ளித் தலைப்புத் தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

கவுன்சிலர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியர் அந்த இடத்தில் இருக்கலாம். விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு இணைப்பு போகும். அவர் ஏற்ற வேண்டியவை: உங்கள் மதிப்பெண் பட்டியல், ஒரு கடிதம், பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பில் எத்தனை மாணவர்கள், என்னென்ன பிரிவுகள், சென்ற ஆண்டு முதல் மதிப்பெண் எவ்வளவு, பயிற்றுமொழி எது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ஏன் இல்லை என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியை இதற்குமுன் கேள்விப்பட்டிராத அலுவலருக்கு அந்த ஒரு பக்கம்தான் ஜன்னல்.

பெரும்பாலும் நடப்பது என்ன தெரியுமா? ‘நீயே எழுதிக்கிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்’ என்பார் சார். பாஸ்வேர்டையும் கொடுத்துவிடுவார். அன்புதான், ஆனால் அது மோசடிக் கணக்கில் சேரும், பிடிபட்டால் எல்லாக் கதவும் மூடும். அதற்குப் பதில் ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் நிகழ்ச்சிகளை மட்டும் எழுதிக் கொடுங்கள்: எந்த மாதம், எந்தப் பாடம், எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு அவரிடம் என்ன கேட்டீர்கள். எழுதுவது அவர். ‘ஒழுக்கமான, கீழ்ப்படிதலுள்ள, கடின உழைப்பாளி’ என்ற மூன்று சொல்லோடு முடியும் கடிதம் நன்னடத்தைச் சான்றிதழுக்குச் சமம். ஒரு நாள் வகுப்பில் நடந்த ஒரு விஷயம் இருந்தால் போதும். எம்.ஐ.டி. கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரும், மொழி அல்லது கலைப்பாட ஆசிரியர் ஒருவரும் எழுதக் கேட்கும். உங்களை நன்றாக அறிந்தவர் தமிழய்யா என்றால் அவரே எழுதட்டும். தமிழில் எழுதி, பள்ளியில் வேறொருவர் மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். மொழிபெயர்ப்பை நீங்களோ வீட்டாரோ செய்ய வேண்டாம். கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பம் கேட்கும், ‘ஆம்’ போடுங்கள். இல்லையென்றால் கடிதத்தின் மீது நம்பிக்கை குறையும்.

அப்பாவின் ஆண்டு வருமானம் 9 லட்சம். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கேட்டால் அதனாலேயே தள்ளிவிடுவார்களா?
(திருச்சி)

எங்கே கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு மாணவரானாலும் பணம் கேட்பதைத் தேர்வில் கணக்கிலெடுக்காத இடங்கள் சில உண்டு: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், பவ்டின். இங்கே தயங்காமல் கேளுங்கள். 2025-26 முதல் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கும், சொத்தும் அதற்கேற்ற அளவில் உள்ள குடும்பத்திடம் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் வாங்குவதில்லை. உங்கள் 9 லட்சம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் ஆகும் படிப்பு, சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியைவிட மலிவாக முடியலாம்.

மற்ற பெரும்பாலான இடங்களில், அதாவது ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென், கார்னெல் உட்பட, வெளிநாட்டவர் பணம் கேட்டால் அது தேர்வைப் பாதிக்கும். அதற்காகக் கேட்காமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னால் தருவதில்லை என்பது பல இடங்களில் எழுதப்பட்ட விதி. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை இணையத்தில் வெளியிடும். அதில் எச்-6 பகுதியைத் திறந்தால் எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். அங்கே பூஜ்யம் இருந்தால் அந்த இடத்தை அடித்துவிடலாம். சி-7 பகுதியில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே குறித்திருப்பார்கள்.

பண உதவிக்கு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற தனிப் படிவம். அப்பாவின் ஃபார்ம் 16, வருமான வரித் தாக்கல், அம்மாவின் வருமானம், வங்கி இருப்பு, வீடு, நிலம் எல்லாம் கேட்கும். நம்மவர்கள் சறுக்குவது பூர்வீகச் சொத்தில். தாத்தா பெயரில் பட்டா, நான்கு பங்காளிகள், நடுவில் ஒரு வழக்கு என்று இருந்தால், முழு நிலத்தின் சந்தை விலையையும் அப்பாவின் சொத்தாக எழுதாதீர்கள். அப்பாவின் பங்கு மட்டும், அதையும் விற்க முடியாத நிலை இருந்தால் விளக்கக் கட்டத்தில் இரண்டு வரி. வரித் தாக்கல் இல்லாத விவசாயக் குடும்பம் என்றால் தாசில்தார் வருமானச் சான்றிதழை மொழிபெயர்த்து இணைக்கலாம். விண்ணப்பக் கட்டண விலக்கும் கேட்டால் கிடைக்கும். கேட்பதால் தேர்வில் எதுவும் குறையாது.

ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) மகன் மூன்று வயதில் அமெரிக்கா வந்தான். படித்ததெல்லாம் இங்கேதான். அவனை அமெரிக்க மாணவனாகப் பார்ப்பார்களா? ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலாவது நிச்சயம் கிடைக்குமா?
(ஒரு தாய், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்கள் குடியுரிமையை வைத்துத்தான் பிரிக்கும். கிரீன் கார்டு இல்லையென்றால் வெளிநாட்டு மாணவர். சில இடங்கள் எங்கே பள்ளிப் படிப்பு என்பதைப் பார்க்கும். ஒவ்வொரு இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். அமெரிக்க மத்திய அரசு ஃபாஃப்ஸா படிவம் வழியே தரும் உதவி ஹெச்-4-க்குக் கிடையாது. அதனால் மேலே சொன்ன எட்டு இடங்களின் பட்டியல் உங்களுக்கும் பொருந்தும்.

டெக்சாஸில் நிலைமை மேல். ஹெச்-4-ல் இருப்பவரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். 1997 சட்டப்படி பள்ளியில் முன்னணி 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினுக்கு மட்டும் கூட்டம் அதிகம் என்பதால் அந்த எல்லை குறைந்துகொண்டே வந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். ஃபிரிஸ்கோ, பிளேனோ பள்ளிகளில் 500 பேர் வகுப்பில் 25-க்குள் வர வேண்டும். தெருவுக்கு இரண்டு தமிழ்க் குடும்பம் இருக்கும் ஊரில் அது லேசுப்பட்டதல்ல. ரேங்க் 11-ஆம் வகுப்பு முடிவில் எடுப்பது.

ஒன்று கவனிக்க: தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம், கேட்ட துறையில் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கட்டுரையும் செயல்பாடுகளும் வைத்துத் தனியாகப் பொறுக்குவார்கள். ரேங்க் வந்துவிட்டது என்று கட்டுரையைக் கடைசி இரவில் எழுதியவர்கள், விரும்பாத இரண்டாவது துறையில் போய் உட்காருவது இதனால்தான்.

21 வயதானால் ஹெச்-4 முடியும். படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது கட்டணப் பிரிவு மாறுமா என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

என் கட்டுரை பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றியது. ‘அதை எல்லாரும் எழுதுகிறார்கள், மாற்று’ என்கிறார் பள்ளி கவுன்சிலர். பத்து வருட உழைப்பை எழுதாமல் எதை எழுதுவது?
(ஒரு மாணவி, எடிசன், நியூ ஜெர்சி)

அரங்கேற்றத்தில் தப்பில்லை; அது போகும் தடம்தான் தேய்ந்துபோயிருக்கிறது. சலங்கை ஒலியில் தொடங்கும், குரு திட்டுவார், கால் வலிக்கும், விளக்கு எரியும், கைத்தட்டல் வரும், கடைசிப் பத்தியில் இரண்டு கலாசாரங்களுக்கு நடுவே தன்னைக் கண்டுகொள்வார். நியூ ஜெர்சியைப் படிக்கும் அலுவலர் இதைப் பலமுறை படித்திருப்பார். அதில் ‘நீங்கள்’ எங்கே என்று அவருக்குத் தெரியாது.

விழாவை விடுங்கள், ஒரு தீர்மானத்தை எடுங்கள். வர்ணத்தில் எந்த ஜதியில் அரை எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது? ஐந்து ஐந்தாக எண்ணியதை மூன்றும் இரண்டுமாகப் பிரித்ததும் சரியானதா? அதே பழக்கம் இயற்பியல் கணக்கிலோ தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதிலோ எப்போதாவது தலைகாட்டியதா? 650 சொல்லில் வர்ணம் என்றால் என்ன என்று விளக்க 30 சொல் போதும். மண்டபம், மூன்று உடை மாற்றம், வந்த விருந்தினர் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். அவை அப்பாவின் செலவைத்தான் காட்டும். நடனம் செயல்பாட்டுப் பட்டியலில் மணிக்கணக்கோடு ஏற்கெனவே இருக்கும். கட்டுரையில் அதையே திரும்பச் சொன்னால் ஒரு வாய்ப்பு வீண்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்றால், இரண்டு மொழி தெரிந்தவருக்கு உங்கள் மாநிலம் தரும் இருமொழி முத்திரைக்குத் தமிழில் தேர்வு எழுத முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். விருதுகள் பகுதியில் ஐந்து வரிதான் உண்டு. அதில் ஒன்று நிறையும்.

நவம்பரிலேயே ‘எர்லி’யாகப் போட்டால் வாய்ப்பு இரட்டிப்பு என்கிறார்களே?
(சென்னை)

ஹார்வர்டின் 2024 அணியைப் பாருங்கள்: முன்கூட்டியே விண்ணப்பித்த 7,921 பேரில் 692 பேருக்கு இடம், 8.7 சதவீதம். மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் மீதிப் பேருக்கு 2.7 சதவீதம் அளவுதான். பார்க்க மூன்று மடங்கு. ஆனால் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் நவம்பர் வரிசையில்தான் அதிகம். அவர்களை எடுத்துவிட்டால் இடைவெளி சுருங்கும். (எம்.ஐ.டி., கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹர்ஸ்ட் முன்னாள் மாணவர் பிள்ளை என்பதைப் பார்ப்பதில்லை.)

வகை இரண்டு என்பதை மறக்க வேண்டாம். கொலம்பியா, பென், பிரவுன், கார்னெல், டார்ட்மத் ஆகியவற்றில் ‘எர்லி டெசிஷன்’: கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் கட்டாயம் இல்லை. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எர்லி போடக்கூடாது. பண உதவியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் முதல் வகையில் கையெழுத்திடுமுன் இரண்டு முறை யோசிக்கட்டும். தரும் உதவி போதவில்லை என்றால் விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அப்போது கையில் பெரும்பாலும் வேறு இடம் இருக்காது. பிளஸ் ஒன் மதிப்பெண் சுமார் என்று நினைப்பவரும், அரையாண்டில் ஏற வாய்ப்புள்ளவரும் ஜனவரி வரிசையில் நிற்பதே நல்லது.

ஆசியர்களுக்குக் கெடுபிடி என்பது 2023 தீர்ப்போடு முடிந்துவிட்டதா?
(ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

2023 ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தைத் தேர்வில் கணக்கிலெடுப்பதை நிறுத்தியது. அடுத்த அணியில் எம்.ஐ.டி.யில் ஆசிய அமெரிக்கர் 40-லிருந்து 47 சதவீதமானார்கள். யேலில் அதே ஆண்டு 30-லிருந்து 24-க்கு இறங்கினார்கள். ஹார்வர்டில் 37-லேயே நின்றது. ஒரே தீர்ப்பு, மூன்று திசை. இதை வைத்து உங்கள் மகளின் பெயரையோ குடும்பப் பெயரையோ மறைக்கத் திட்டம் போடுவதில் பொருளில்லை. அந்த ஹார்வர்டு வழக்கில் விவாதமானது ஆளுமைக்குப் போடும் எண். அதை உயர்த்தக்கூடியவை ஆசிரியர் கடிதமும் கட்டுரையும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ரோபாட்டிக்ஸ், கணிதப் போட்டி, வயலின் என்ற ஒரே தொகுப்பு ஒரே ஊரிலிருந்து நாற்பது வருவது இனப் பிரச்சினையைவிட உங்கள் பகுதியின் பெரிய பிரச்சினை.

‘ஐவி லீக் (ஹார்வர்டு, யேல் முதலான எட்டுப் பல்கலைக்கழகங்கள்) உத்தரவாதம்’ என்று ஒரு ஆலோசகர் 15 லட்சம் கேட்கிறார்.
(பெங்களூரு)

உத்தரவாதம் தர அவர் கையில் எதுவும் இல்லை. அப்படித் தந்த ஒருவர் அமெரிக்காவில் லஞ்ச மோசடியில் 2019-ல் சிக்கி, 2023-ல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவருக்குப் பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். கல்லூரிப் பட்டியல் போட, தேதிகளைக் கவனிக்க, கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்க ஒருவருக்குக் கூலி கொடுப்பது வேறு. கட்டுரையை அவரே எழுதினாலோ, செயற்கை நுண்ணறிவில் எழுத வைத்துத் தன்னுடையது என்று கொடுத்தாலோ காமன் ஆப் விதிப்படி அது மோசடி. பணம் கட்டினால் ‘ஆய்வுக் கட்டுரை’ வெளியிட்டுத் தரும் இதழ்களையும் இப்போது அலுவலர்கள் மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கிறார்கள்.

மகளுக்கு காத்திருப்போர் பட்டியல் வந்திருக்கிறது. வேறொரு நல்ல இடம் கையில் இருக்கிறது. என்ன செய்வது?
(சிங்கப்பூர்)

முதலில் மே 1-க்குள் கையில் இருக்கும் இடத்துக்கு முன்பணம் கட்டுங்கள். காத்திருப்புப் பட்டியலில் தொடர விருப்பம் என்று தளத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் தானாக நீங்கிவிடும். பிறகு ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள்: ஜனவரிக்குப் பின் புதிதாக நடந்தது என்ன, இடம் தந்தால் நிச்சயம் சேருவேன் என்ற ஒரு வரி (உண்மையாக இருந்தால் மட்டும்). வாரா வாரம் அப்பா தொலைபேசியில் அழைப்பது கோப்பில் ஏறும், நல்ல விதத்தில் அல்ல.

கையிலிருக்கும் இடத்தைப் பிடித்துவைக்க இன்னொன்றும் வேண்டும். இடம் தந்த பிறகும் இறுதித் தேர்வு மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பார்கள். இடம் கிடைத்த மயக்கத்தில் இருபது சதவீதம் சரிந்தால், தந்த இடத்தை அவர்கள் திரும்பப் பெறலாம். 2017-ல் ஹார்வர்டு, சேர இருந்த குறைந்தது பத்துப் பேரின் இடத்தை ரத்து செய்தது; காரணம் மதிப்பெண்கூட இல்லை, ஒரு தனியார் ஃபேஸ்புக் குழுவில் அவர்கள் பகிர்ந்த அருவருப்பான படங்கள். பணத்தைக் கட்டிவிட்டு, கடைசி பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள். பட்டியல் நகர்ந்தால் பெரும்பாலும் மே, ஜூனில் செய்தி வரும். பதில் சொல்லச் சில நாட்களே தருவார்கள். எனவே பாஸ்போர்ட்டும் வங்கிக் கடிதமும் தயாராக இருக்கட்டும்.